சுனில்தாவின் ஓவனுக்கு எர்த் போட்ட கதை

எங்கள் பக்கம் மரியாதையாக ‘ஞா’ சேர்த்துக் கூப்பிடும் சுனில்தாவை, இதை எழுதுகிறவன் முதன்முதலில் பார்த்தது பராகுவேயின் தலைநகர் அசுன்சியோன் போகும் பஸ்ஸில். பர்ரேரோ ஊர் நிறுத்தத்தில் வண்டி முழுதாக நிற்பதற்குள், வெள்ளைத் துணி மூடிய கூடையைத் தலையில் வைத்தபடி, கம்பியைக்கூடப் பிடிக்காமல் ஏறிவிட்டார். ஏறியதுமே சோம்பும் சுட்ட பாலாடைக்கட்டியும் கலந்த வாசனை பஸ் முழுக்கப் பரவியது. அன்று பையனாக இருந்த இவன் தன் பட்டமளிப்பு விழாவுக்குப் போய்க்கொண்டிருந்தான். வீட்டில் முதல் பட்டம் என்பதால் அப்பாவும் வயல் வேலையைப் போட்டுவிட்டுப் புதுச் செருப்போடு கூடவே வந்திருந்தார். மரவள்ளி மாவில் சுட்ட ரொட்டியான சிப்பாவை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். வளையமாக, கை சுடுகிற சூட்டில் இருந்தது. சில்லறை கொடுக்கும்போது சுனில்தாவின் கண் பையன் மடியிலிருந்த சார்ஜர் மேல் விழுந்தது. ஒயர் முழுக்கக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"இதை யாரு தம்பி சுத்துனது?"

"அப்பா."

சுனில்தா அப்பா பக்கம் திரும்பினார். "பையனைப் படிக்க வெச்சு ஆளாக்கிட்டு, கடைசியில ஒரு ஒயர்ல போய் மிச்சம் பிடிக்கிறீங்களே. இன்னைக்கே தூக்கிப் போடுங்க. பட்டம் வாங்குற கை பொசுங்கக் கூடாது."

பஸ் முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விட அப்பாதான் அதிகம் சிரித்தார். சிப்பா விற்கிற அம்மாவுக்கு ஒயரைப் பற்றி என்ன அக்கறை என்று பையன் கேட்டபோது, பக்கத்து இருக்கைக்காரர், "அவங்க வீட்டு ஓவன் கதை தெரியாதா?" என்றார். அந்தக் கதைக்காகவே பையன் பிறகு ஒருநாள் அவர் வீட்டு மாமரத்தடியில் போய் உட்கார்ந்தான். சுனில்தாவும் அவர் கணவர் எலிஹியோவும் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து, சண்டை போட்டுக்கொண்டு சொன்னது இது.

ஷவரில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் தலைக்கு மேலே தொங்கும் ஷவருக்குள்ளேயே கரண்ட் போய்த் தண்ணீரைச் சுட வைக்கும். குழாயைத் திறக்கும்போது விரலில் சுருக்கென்று ஒரு கடி கடிக்கும். அதை யாரும் ஒரு குறையாகச் சொல்வதில்லை. குழாயைத் துணியால் பிடி, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு குளி என்று குழந்தைகளுக்குப் பல் விளக்கச் சொல்லித்தருகிற மாதிரி சொல்லித்தருவார்கள். சுனில்தாவும் பல வருடம் அப்படித்தான் குளித்தார். ஒரு குளிர்கால விடியலில் கடி முழங்கை வரை ஏறியது. நேராக எலிஹியோவிடம் வந்தார்.

எலிஹியோ கொத்தனார். சுவர் எழுப்புவதில் கெட்டிக்காரர். ஒயர் வேலையிலும் தன்னைக் கெட்டிக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

"செருப்பு போட்டுக்கலையா?" என்றார்.

"நாய் கடிச்சா நாயைக் கட்டிப்போடுவாங்களா, இல்ல ஊருக்கெல்லாம் பூட்ஸ் வாங்கிக் குடுப்பாங்களா?"

"அது நாய். இது கரண்ட்."

"ரெண்டும் கடிக்குதுல்ல."

அந்த நாயைக் கட்டிப்போட வீட்டில் ஆள் இல்லை. அதனால் சுனில்தா டவுனில் மாலை நேரத்தில் நடக்கும் வீட்டு வயரிங் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். பஸ் வியாபாரம் மதியத்தோடு முடிந்துவிடும், மாலை சும்மாதான். வகுப்பில் மற்ற எல்லோரும் ஆண்கள். முதல் நாள் ஒருத்தன், "சிப்பா விக்க வந்தீங்களா அக்கா?" என்று கேட்டான். "அது இடைவேளையில," என்றார். சொன்னபடியே இடைவேளையில் கூடையைத் திறந்தார், காலிக் கூடையோடுதான் வீடு திரும்பினார். அவருக்கு வகுப்பு பிடித்துப்போனது. ஒயரின் தடிமனுக்கும் அது தாங்குகிற சுமைக்கும் உள்ள கணக்கு, மாவுக்கும் கொழுப்புக்கும் உள்ள கணக்கு மாதிரி அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் எலிஹியோவுக்குப் பாடம் எடுப்பார். அவர் வாயில் மரவள்ளிக் கிழங்கை வைத்துக்கொண்டு தலையாட்டிக் கேட்பார், ஒன்றையும் நம்ப மாட்டார்.

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, கோயில் மணிக்கூண்டு சரிசெய்ய நடத்திய பிங்கோவில் முதல் பரிசு சுனில்தாவுக்கு விழுந்தது. பெரிய கரண்ட் ஓவன். சின்னக் கடைகளில் வைக்கிற மாதிரி, நான்கு தட்டு ஒரே நேரத்தில் உள்ளே போகும். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சுட்ட சிப்பாவைக் கூடையில் சுமந்து விற்றவர் அவர். அந்த ராத்திரி தூக்கமே வரவில்லை. தன் கையால் பிசைந்து, தன் வீட்டில் சுட்டு, தன் கூடையில் வைத்து விற்க வேண்டும். அந்த ஒன்றுதான் அவர் மனசில் ஓடியது.

மறுநாள் காலையில் எலிஹியோ ஓவனின் ஒயரைக் கையில் பிடித்தபடி குளியலறை வாசலில் நின்றார்.

"ஷவர் லைன்ல ஜாயிண்ட் அடிச்சா முடிஞ்சது. தண்ணியைச் சுட வைக்கிற கம்பி சிப்பாவைச் சுடாதா?"

"வேக வைக்கும். முதல்ல சுவத்துக்குள்ள இருக்கிற ஒயரை வேக வைக்கும், அப்புறம் கூரையை, அப்புறம் நம்மளை. கீழ வை அதை."

தனி லைன் இழுக்காமல், எர்த் போடாமல், ஓவனைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். ஓவன் பின்கட்டுக் கொட்டகையில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், சிமென்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றது. மழைக்காலம் முழுக்க அங்கேதான் இருந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். எலிஹியோவின் அக்கா பிளாசிதா வரும்போதெல்லாம் கொட்டகைப் பக்கம் திரும்பிச் சிலுவைக்குறி போட்டுக்கொள்வாள்.

"என்னக்கா?"

"புது மாதா சொரூபம் வந்திருக்குன்னாங்க. திரை விலக்கவே மாட்டேங்கிறியே."

பிளாசிதா அந்தக் குடும்பத்தின் அடுப்பு ராணி. அவள் வீட்டு முற்றத்தில் கவிழ்த்த பானை மாதிரி ஒரு களிமண் அடுப்பு. ஒவ்வொரு புனித வாரத்திலும் புதன்கிழமை மொத்தக் குடும்பமும் அங்கேதான் கூடும். பெரிய வெள்ளியன்று எங்கள் பக்கம் யாரும் அடுப்பு பற்ற வைக்க மாட்டார்கள், வீடு கூட்ட மாட்டார்கள், ஆணி அடிக்க மாட்டார்கள். அதனால் அந்த நாட்களுக்கு வேண்டிய சிப்பா முழுக்கப் புதனன்றே சுட்டாக வேண்டும். பர்ரேரோவில் பிறந்தவன் புனித வாரத்துக்குக் கடையில் சிப்பா வாங்கினால், அதைவிட வெட்கக்கேடு வேறு இல்லை. மாவைத் தொட யாருக்கு உரிமை, தட்டை யார் தள்ளுவது, எல்லாம் பிளாசிதாவின் சொல்தான். சுனில்தாவுக்குக் கிடைத்ததெல்லாம் தட்டில் விரிக்கிற வாழையிலையைத் துடைக்கிற வேலை. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து இலைதான்.

அந்த வருடம் மழை ஓயவில்லை. குருத்தோலை ஞாயிறுக்குச் சில நாள் முன்னால் ஒரு விடியலில் பிளாசிதாவின் களிமண் அடுப்பு உட்கார்ந்துவிட்டது. புதிதாகக் கட்டினால் காயவே வாரக்கணக்கில் ஆகும். பிளாசிதா இடிந்த மண்ணைப் பார்த்தபடி முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். துக்கம் கேட்கப் போன சுனில்தா வாயைத் திறந்து சொல்லிவிட்டார்:

"கவலைப்படாதீங்கக்கா. இந்த வருஷம் எங்க வீட்டுல. எல்லாரும் வாங்க."

"எதுல சுடுவ, அந்தப் பொட்டிலயா?"

"அதுலதான்."

"அது இன்னும் உறையே பிரிக்கலையே."

"புதன்கிழமைக்குள்ள பிரிப்பேன்."

பிளாசிதா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "சரி. சுட்டுக் காட்டிட்டா, மாவும் நீயே பிசை, தட்டும் நீயே தள்ளு. இந்த வருஷம் மட்டுமில்ல, எப்பவுமே. சுடலைன்னா, குடும்பமே கடையில சிப்பா வாங்கினதுக்குக் காரணம் நீன்னு ஊரு பேசும். நான் பேச வேண்டாம், ஊரே பேசும்."

சனிக்கிழமை வேலை ஆரம்பித்தது. மீட்டருக்குக் கீழேயுள்ள மெயினை இறக்கிவிட்டு, யாரும் தெரியாமல் ஏற்றிவிடக் கூடாதென்று பெட்டிக் கதவைத் தன் கூடைத் துணியால் இறுக்கிக் கட்டினார் சுனில்தா. டெஸ்டரை வைத்துக் கரண்ட் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் கை வைத்தார். எலிஹியோ சுவரில் பள்ளம் வெட்டினார். அவர் வெட்டிய பள்ளம் ரூலர் வைத்த மாதிரி நேராக இருந்தது. அதில் பைப்பைப் பதித்து, ஓவனுக்கென்றே தடித்த செப்பு ஒயரை இழுத்தார் சுனில்தா. ஓவனுக்கு மட்டும் தனி சுவிட்ச். அதோடு, கரண்ட் எங்கேயாவது கசிந்தால் தானாக விழுந்துவிடுகிற இன்னொரு சுவிட்ச். வகுப்பில் அதைக் காட்டிய நாளிலிருந்தே அவருக்கு அதன் மேல் ஒரு பிரியம். வீட்டிலேயே பொய் சொல்லாத ஆள் அது ஒன்றுதான் என்பார்.

மிச்சமிருந்தது எர்த். ஆள் உயரத்துக்குச் செப்புப் பூசிய இரும்புக் கம்பி, ஒரு முனை கூர். ஈட்டி மாதிரி இருக்கும். ஈரம் நிற்கிற மண்ணில் அதை இறக்க வேண்டும். சிவப்பு மணல் பூமியில் ஈரத்துக்கு எங்கே போவது என்று எலிஹியோ தலையைச் சொறிந்தார். சுனில்தா யோசிக்கவே இல்லை, மாமரத்தடியைக் காட்டினார். அங்கேதான் காலை, மதியம், மாலை என்று வந்தவர் போனவரெல்லாம் உட்கார்ந்து தெரெரே என்கிற குளிர்ந்த இலைத் தேநீரை உறிஞ்சுவார்கள். குவளையில் ஊறிய சக்கையையும் மிச்சத் தண்ணீரையும் நாற்காலிக்குப் பின்னால் ஒரே இடத்தில் கொட்டுவார்கள். வெயில் காலத்திலும் அந்த இடம் மட்டும் கறுத்துச் சொதசொதவென்று கிடக்கும்.

"இத்தனை வருஷம் வம்பு பேசினது வீண் போகலை பாத்தியா," என்றார் எலிஹியோ. சுத்தியலை எடுத்துக் கம்பியை அங்கே இறக்கினார். பச்சை ஒயரை அதில் இறுக்கி, ஓவனுக்கும் ஷவருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார் சுனில்தா.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்த எலிஹியோ முகத்தைச் சுளித்தார். "கடிக்கவே இல்ல. குளிச்ச மாதிரியே இல்ல."

செவ்வாய் மாலை ஓவனின் உறையைப் பிரித்தார்கள். தகரம் பளபளத்தது. சுவிட்சைப் போட்டார் சுனில்தா. மேல் கம்பிச்சுருளும் கீழ்ச்சுருளும் சூடாகத் தொடங்குமுன்பே டக்கென்று விழுந்துவிட்டது, அந்தப் பொய் சொல்லாத சுவிட்ச். மறுபடி போட்டார். மறுபடி டக். எங்கேயோ கசிகிறது. இணைப்புகளையெல்லாம் திறந்து பார்த்தார், எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. இருட்டிவிட்டது. விடிந்தால் புதன்கிழமை. வருடத்திலேயே பஸ்ஸில் வியாபாரம் அதிகம் நடக்கிற காலை, அதை விட முடியாது.

"மத்தியானம் வந்து பாக்குறேன். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

தொடாதே என்று சொன்னால் தொடாமல் இருக்கிற ஆளா எலிஹியோ? புதன்கிழமை காலை மனைவி கிளம்பியதும், தன் சிநேகிதன் காஸ்துலோவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். காஸ்துலோ டிராக்டர் ஓட்டுகிறவர். எதையும் திருகிப் பார்த்துவிடுவார். மனைவி வரும்போது ஓவன் எரிந்துகொண்டிருக்க வேண்டும், அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும், எலிஹியோவின் ஆசை அவ்வளவுதான். இரண்டு பேரும் அதைக் கழற்றினார்கள், இதை மாட்டினார்கள். கடைசியில் பச்சை ஒயரைக் கழற்றியதும் சுவிட்ச் விழாமல் நின்றுவிட்டது. ஓவன் உள்ளே சிவந்தது. காஸ்துலோ எலிஹியோவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினார்.

மதியம் சுனில்தா காலிக் கூடையோடு திரும்பியபோது வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. முற்றத்து மேசையில் மரவள்ளி மாவு மலை மாதிரி குவிந்திருக்க, பிளாசிதா முழங்கை வரை கொழுப்பும் முட்டையுமாகப் பிசைந்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் மாவில் முதலையும் புறாவும் செய்துகொண்டிருந்தார்கள். கொல்லைப் பக்கம் காஸ்துலோ நெருப்பு மூட்டி, வேலை செய்கிறவர்களின் சாப்பாட்டுக்காகப் பெரிய விலா எலும்புப் பாளம் ஒன்றைக் கம்பியில் குத்திச் சாய்த்து வைத்திருந்தார். சமையலறையில் ஓவன் எரிந்துகொண்டிருந்தது. முதல் தட்டு வெந்து, பொன்னிறத்தில் மேசை மேல் இருந்தது.

"எப்படி?" என்றார் எலிஹியோ. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

சுனில்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் ஓவன், தன் வீட்டில், தன் கண் முன்னால். ஒரு சிப்பாவைப் பிட்டு வாயில் போட்டார். வெளியே மொறுமொறு, உள்ளே பாலாடைக்கட்டி இழுத்தது. இன்னொரு துண்டையும் பிட்டுக்கொண்டார்.

அப்போது பிளாசிதா ஈரக் கையோடு, வெறுங்காலோடு, தண்ணீர் சிந்திக் கிடந்த தரையில் நடந்து போய் ஓவன் கதவைப் பிடித்தாள். சட்டென்று கையை உதறிக்கொண்டாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. எறும்பு கடிச்ச மாதிரி. உங்க ஷவர் மாதிரிதான்." மறுபடி கதவைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"தொடாதீங்க."

சுனில்தா ஓடிப்போய் மெயினை இறக்கினார். வானொலியில் போய்க்கொண்டிருந்த பாட்டு நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எலிஹியோ, இன்னைக்குக் குளிக்கும்போது ஷவர் கடிச்சுதா?"

"கடிச்சுது. ஓவன் வேலை முடிச்சுட்டுக் குளிச்சேன், பழைய சிநேகிதன் ஊர்ல இருந்து வந்த மாதிரி இருந்துச்சு."

சுனில்தா மாமரத்தடிக்குப் போனார். பச்சை ஒயர் தரையில் அனாதையாகக் கிடந்தது. கம்பி இருந்த இடத்தில் ஒரு ஓட்டை, அதில் தெரெரே தண்ணீர் தேங்கி நின்றது.

"கம்பி எங்க?"

காஸ்துலோ மெல்ல நெருப்பு பக்கம் பார்த்தார். எல்லோர் கண்ணும் அங்கே போனது. விலா எலும்பு கொழுப்பைச் சொட்டிக்கொண்டு, செப்பு மினுங்குகிற ஈட்டியில் குத்தப்பட்டு நின்றது.

"நல்ல கம்பி," என்றார் காஸ்துலோ, குரல் இறங்கி. "ஒரு பக்கம் கூரா வேற இருந்துச்சு. சும்மாதானே நின்னுச்சு, எதுக்கும் ஆகலை. சோப்பு போட்டுக் கழுவித்தான் குத்தினேன்."

"உன்னை உசிரோட வெச்சிருக்கிற கம்பில கறி சுடுறியே, காஸ்துலோ."

"அது இல்லாமதான் ஓவன் எரியுது சுனி," என்றார் எலிஹியோ. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. "அது இருந்தா விழுந்துடுது. அப்ப தப்பு கம்பி மேலதானே."

"அது இருந்தா கசியுறது மண்ணுக்குப் போகும், சுவிட்ச் அதைப் பாத்து விழும். அது இல்லன்னா அது பாட்டுக்குத் தகரத்துலயே உக்காந்திருக்கும், தொடுறவங்க வழியா இறங்கப் பாக்கும். இப்ப உங்கக்கா கை வழியா இறங்குச்சே, அது மாதிரி. எறும்புதான். இன்னைக்கு எறும்பு."

பிளாசிதா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். ஆனால் அவள் பிளாசிதா. மேசையைக் காட்டினாள். "சரி, எல்லாம் சரி. மாவு காத்துக்கிட்டு நிக்குதே. வெயில்ல கொழுப்பு உருக ஆரம்பிச்சா கல்லாட்டம் ஆயிடும். ஒரு தட்டு வந்துடுச்சு. மீதியையும் செருப்பு போட்டுக்கிட்டுச் சுட்டுடலாம். நாளைக்கு நீ ரிப்பேர் பாரு."

சுற்றிலும் தலைகள் ஆடின. மாவு மலை மேசையில். சுடாவிட்டால் கடைச் சிப்பா. சுனில்தா கொடுத்த வாக்கு அது, அவர் பல வருடம் காத்திருந்த நாள் அது. ஒரு வார்த்தை, சரி என்று சொன்னால் போதும், ஒரு மணி நேரத்தில் எல்லாத் தட்டும் வெந்துவிடும். ஆனால் வெறுங்காலோடு முதலை செய்துகொண்டிருந்த பிள்ளைகள் அவர் கண்ணில் பட்டார்கள். சமையலறைத் தரை முழுக்க ஈரம்.

"இந்த வீட்டுல செருப்பு போட்டுக்கிட்டுச் சுடுற வேலை இல்லக்கா. வேணும்னா கடைச் சிப்பா சாப்பிடுவோம். ஊரு என்னைப் பேசட்டும்." காஸ்துலோ பக்கம் திரும்பினார். "கறியை இறக்கு."

விலா எலும்பு வாழையிலைக்கு இறங்கியது. கம்பி ஆறும் வரை காத்திராமல் சாம்பலைப் போட்டுக் கொழுப்பு போகத் தேய்த்தார் காஸ்துலோ. குற்ற உணர்ச்சியில் உப்புத்தாளும் போட்டுத் தேய்த்தார், செப்பு புதுசு மாதிரி மின்னியது. எலிஹியோ அதைப் பழைய ஓட்டைக்குப் பக்கத்தில், கெட்டியான ஈர மண்ணில் சுத்தியலால் இறக்கினார். சூட்டில் மண் புஸ்ஸென்று ஆவி விட்டது. மாட்டு விலா வாசனை மாமரம் முழுக்கப் பரவியது. தெரெரே குடித்துக்கொண்டிருந்த எல்லோரும் குவளையை அங்கேயே கவிழ்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார் சுனில்தா. ஒரு சித்தப்பா ஜாடியையே தூக்கிக் கவிழ்த்தார். பச்சை ஒயர் மறுபடி இறுகியது.

மெயினைப் போட்டார், ஓவனைப் போட்டார். டக்.

பிளாசிதா இரண்டு கையையும் விரித்தாள். "என்னடி இது அதிசயம். நீ சரி பண்ணினா வேலை செய்ய மாட்டேங்குது. அவன் கெடுத்தா வேலை செய்யுது."

எல்லோரும் சிரித்தார்கள். சுனில்தாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மெயினை இறக்கி, ஓவனின் முதுகைத் திறந்தார். கசிவது எது என்று தெரிய ஒன்று ஒன்றாகக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. கீழ்ச்சுருளின் இரண்டு ஒயரையும் கழற்றி, முனைகளில் டேப் சுற்றி, தகரத்தில் படாமல் ஒதுக்கிவிட்டு, முதுகை மூடினார். கரண்ட் போட்டார். சுவிட்ச் நின்றது. மேல்சுருள் மட்டும் மெல்லச் சிவந்தது.

"கீழ இருக்கிறதுதான்," என்றார். "கொட்டகையில மழை முழுக்கச் சிமென்ட் மூட்டை பக்கத்துல நின்னுச்சுல்ல. உள்ளுக்குள்ள ஈரம் ஏறிக்கிச்சு."

"ஈரமா?" பிளாசிதா கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். முதல்முறையாக அந்தப் பெட்டியை அடுப்பைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தாள். "ஈரம்னா காய வைக்க வேண்டியதுதானே. புது மண் அடுப்பு கட்டினா நான் என்ன எடுத்ததும் கட்டையைப் போட்டுக் கொளுத்துறேனா? சின்னத் தீயா வெச்சு, உள்ளயே மெல்லக் காய விடுவேன். இல்லன்னா வெடிச்சிடும். இதுவும் புதுசுதானே."

சுனில்தா அவளைப் பார்த்தார். சின்னத் தீ உள்ளேயே இருக்கிறது. மேல்சுருள்தான் எரிகிறதே. அந்தச் சூட்டிலேயே கீழ்ச்சுருள் காயாதா?

"அக்கா, இத்தனை வருஷம் என்னை இலை துடைக்க விட்டதுக்கு உங்க மேல கோவம் இருந்துச்சு. இப்ப இல்ல."

"அதுக்குள்ள மன்னிச்சிடாத. முதல்ல காயட்டும்."

ஓவன் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, மேல்சுருளை மிதமான சூட்டில் எரியவிட்டார்கள். கண்ணாடியில் மூடுபனி மாதிரி ஈரம் படிந்தது, வழிந்தது, மெல்ல மறைந்தது. மாவுக் கிண்ணங்களைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி, மேலே ஈரத்துணி போட்டுக் காத்தாள் பிளாசிதா. காஸ்துலோ விலா எலும்பை ஒரு சாதாரணக் கம்பி வலையில் போட்டு வாட்டி எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார். "எர்த் கம்பில சுட்ட ருசி இதுல இல்ல," என்று யாரோ சொன்னதும் அந்த ஆளுக்கு மட்டும் சின்னத் துண்டாக வெட்டி நீட்டினார். தெரெரேக் குவளை சுற்றி வந்தது, மிச்சமெல்லாம் கம்பி அடியில் போனது.

வெயில் மாமரத்தைத் தாண்டிச் சாய்ந்தபோது சுனில்தா மெயினை இறக்கினார். முதுகைத் திறந்து கீழ்ச்சுருளை மறுபடி இணைத்து, ஒவ்வொரு திருகையும் இழுத்துப் பார்த்து, மூடினார். சோதிக்கிற பட்டனை அழுத்தினார், சுவிட்ச் ஒழுங்காக விழுந்தது. மறுபடி ஏற்றினார். யாரும் ஓவனைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த அந்தச் சின்னக் கறுப்பு சுவிட்சைத்தான் பார்த்தார்கள். எலிஹியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

சுனில்தா ஓவனைப் போட்டார். மேல்சுருள் சிவந்தது. கீழ்ச்சுருள் சிவந்தது. சுவிட்ச் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். நின்றுகொண்டே இருந்தது.

"எலிஹியோ, செருப்பைக் கழட்டிட்டு வந்து கதவைத் தொடு," என்றாள் பிளாசிதா.

"நானா?"

"கம்பியைப் பிடுங்கின ஆளு நீதானே."

"அந்த விளையாட்டு வேண்டாம்," என்றார் சுனில்தா. டெஸ்டரை எடுத்துத் தகரத்தின் நாலு பக்கமும் வைத்துக் காட்டினார். எங்கேயும் எரியவில்லை. அப்புறம்தான் பிளாசிதா கதவைத் திறந்தாள். சூடு காட்டுகிற முள்ளை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. காய்ந்த சோளத் தோகை ஒன்றை உள்ளே போட்டு, அது எவ்வளவு வேகமாகப் பழுக்கிறது என்று பார்த்தாள். பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தயாரா இருக்கு. தட்டை நீ தள்ளு."

சுனில்தா வாழையிலை விரித்த தட்டில் தன் கையால் உருட்டிய வளையங்களை அடுக்கி உள்ளே தள்ளினார். இலை வாட்டம் கண்டதும் அந்த மணம் வந்தது, பிறகு சோம்பு, பிறகு பாலாடைக்கட்டி. தட்டுக்கு மேல் தட்டு போனது, வந்தது. பிள்ளைகளின் முதலைகள் வால் உடையாமல் வெந்தன. ஒரு புறாவுக்குக் கழுத்து இரண்டாக வந்தது, அதற்கு மட்டும் பெரிய சண்டை. கோயில் மணி அடிக்கும்போது கூடைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. பெரிய வெள்ளியன்று அந்தக் குடும்பத்தில் யார் வீட்டிலும் புகை எழவில்லை. எல்லோர் மேசையிலும் சுனில்தா வீட்டுச் சிப்பா இருந்தது.

பிளாசிதாவின் முற்றத்தில் இப்போது புதுக் களிமண் அடுப்பு நிற்கிறது. ஆனாலும் புனித வாரத்துப் புதனன்று குடும்பம் கூடுவது சுனில்தா வீட்டில்தான். மாவை இரண்டு பேரும் சேர்ந்து பிசைகிறார்கள், சேர்ந்தே சண்டை போடுகிறார்கள். சுனில்தா இன்னும் தினமும் காலையில் அதே நிறுத்தத்தில் பஸ் ஏறுகிறார். கூடையில் இருப்பது அவர் சுட்ட சிப்பா. மாலையில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஒயர் இழுக்கவும் எர்த் போடவும் போகிறார். சுவரில் பள்ளம் வெட்ட எலிஹியோ கூடப் போகிறார்.